மாமியார் இல்லாத அறை

மனநல சமூகப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் நோயாளிகளின் குடும்பத்தினர் கூட்டத்தை நான் தப்பாகத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். அம்மா, அண்ணன், மனைவி, கணவன் என்று யார் வந்தாலும் ஒரே வட்டத்தில் உட்கார வைப்பேன். பேசுவது அம்மாக்கள்தான். "பத்து வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் போகும். பக்கத்திலேயே மருமகள் கைப்பை ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பார். கேட்டால், "அத்தை சொன்னதுதான் மேடம்."

அப்படி ஒருவர், கூட்டம் முடிந்து நான் நாற்காலிகளை அடுக்கும்போது திரும்பி வந்தார். "கல்யாணத்துக்கு முன்னாடியே அவருக்கு மாத்திரை ஓடிட்டு இருந்திருக்கு. எங்கிட்ட யாருமே சொல்லல. அத்தையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இதை எப்படி மேடம் பேசறது?" (ஆளை அடையாளம் தெரியாதபடி இங்கே சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அடுத்த மாதத்திலிருந்து நோயாளிகளின் கணவன், மனைவிகளுக்கு மட்டும் தனி நாள் வைத்தேன். டீ, சுண்டல், இரண்டு மணி நேரம். முதல் முறை வந்தது நான்கே பேர்.

பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் கட்டிக்கொண்டவரைப் பார்த்துக்கொள்வதும் ஒன்றல்ல. பெற்றவளிடம் யாரும் "விட்டுட்டு வந்துடு" என்று சொல்வதில்லை. மனைவியிடம் அண்ணன் சொல்கிறார், வக்கீல் சொல்கிறார். இந்து திருமணச் சட்டத்தின் 13ஆவது பிரிவே சேர்ந்து வாழ முடியாத அளவுக்குப் போன மனநோயை விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக ஏற்கிறது. இருப்பதா, போவதா என்ற கேள்வியை மடியில் முடிந்துகொண்டுதான் அவர் தினமும் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னபோது, நான் பதறிப்போய் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எதிரே இருந்த அக்கா, "எனக்கு மாசாமாசம் இருபதாம் தேதிக்கு மேல தோணும். சம்பளம் வந்தா போயிடும்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், சொன்னவர் உட்பட.

1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் உடன் வேலை செய்தவர்களும் மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த ஆண் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்கள், உடன்பிறந்தாரிடமோ வாடகை அறைக்கோ போனவர்களைவிட மோசமான நிலைக்குப் போனார்கள். குறை சொல்வதும் வெறுப்பும் அளவு மீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பதும் நோய் திரும்ப வழிவிடுகின்றன என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. அதனால்தான் டாக்டர்களும் நாங்களும் "குத்திக் காட்டாதீங்கம்மா" என்கிறோம். சரி, அந்தக் கோபத்தை அவர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்? அம்மா வீட்டில் சொன்னால் அழைத்துப் போய்விடுவார்கள். அக்கம்பக்கத்தில் சொன்னால் தெருவுக்கே தெரியும். கொட்ட ஓர் இடத்தைக் காட்டாமல் நாங்கள் தரும் இந்த அறிவுரை பாதி வைத்தியம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வாந்தி, பேதி வந்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி ஆபத்தாகும் என்று கரும்பலகையில் எழுதியே பாடம் எடுத்திருக்கிறேன். யார் மனதிலும் நிற்கவில்லை. ஒரு சித்திரை மாதக் கூட்டத்தில் ஒருவர், "ரெண்டு நாளா அவருக்குக் கை நடுங்குது, டம்ளர்ல காபி நிக்க மாட்டேங்குது, நடையும் தள்ளாடுது. குடிச்சிருக்காருன்னு பக்கத்து வீட்டுல பேசறாங்க" என்று புலம்பினார். பக்கத்திலிருந்தவர் சட்டென்று, "வயித்தால போகுதா? எங்க வீட்டுல இப்படித்தான் ஆச்சு. உட்காராதீங்க, இப்பவே கூட்டிட்டுப் போங்க" என்றார். போனார்கள். ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறித்தான் இருந்தது.

எல்லா யோசனையும் இப்படி நல்லதாக இருக்காது. காபியில் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கும் யோசனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைதூக்கும். அங்கே மட்டும் நான் குறுக்கே விழுவேன். சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே சந்தேகப்படுகிறவர் கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் சோறு சாப்பிடவே மாட்டார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றால், மாதம் ஒருமுறை போடும் ஊசி ஒத்துவருமா என்று டாக்டரிடம் அவரையும் வைத்துக்கொண்டே கேளுங்கள். அதேபோல, அடி வாங்குகிறவருக்குப் பொறுமையைச் சொல்லிக்கொடுக்கும் இடமாகக் கூட்டம் ஆகிவிடக் கூடாது. அவருக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

சென்னையில் 1989லேயே நோயாளிகளின் குடும்பத்தினர் சேர்ந்து ஆஷா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உங்கள் ஊரில் அப்படி எதுவும் இல்லையென்றால், புறநோயாளிப் பிரிவில் உங்களைப் போலவே ஃபைலோடு காத்திருக்கும் இன்னொரு மனைவியோடு பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. நோயாளிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

ஆண்கள் குறைவாகத்தான் வருவார்கள், வந்தாலும் கதவோரம் உட்காருவார்கள். ஒருவர் மூன்று மாதம் வந்தார், பெயரைத் தவிர எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவர் மனைவிக்கு நோய் வந்தது. நான்காவது மாதம் எழுந்து நின்று, "ஸ்கூல்ல ரெட்டை ஜடை போட்டு ரிப்பன் கட்டி அனுப்பச் சொல்றாங்க. எனக்கு ஒத்தை ஜடையே வரல" என்றார். இருபதாம் தேதி அக்கா தன் துப்பட்டாவின் நுனியை மூன்றாகப் பிரித்து நாற்காலிக் கையில் கட்டிப் பின்னிக் காட்டினார். அடுத்த மாதம் அவர் ஃபோனில் படம் கொண்டுவந்தார். ஒரு ஜடை காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்துக்குக் கீழே.