டி.பார்ம், பி.பார்ம் பாடங்களை யார் முடிவு செய்கிறார்கள்?

மருந்தாளுநர் படிப்பில் (டி.பார்ம் என்பது டிப்ளமோ, பி.பார்ம் என்பது பட்டம்) என்ன பாடம், எத்தனை மணி நேரப் பயிற்சி என்பது கல்லூரியின் கையில் இல்லை. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவுக்கும் அதில் இடம் குறைவு. பார்மசி சட்டம் 1948, பிரிவு 10-இன்படி கல்வி விதிமுறைகளை வகுப்பது இந்திய பார்மசி கவுன்சில். அந்த அதிகாரம் கவுன்சிலுக்கா, அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.க்கா என்ற இழுபறியை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. பார்மசி கவுன்சிலுக்குத்தான் என்றது தீர்ப்பு.

கவுன்சிலில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தேர்ந்தெடுக்கும் 6 பேர் உண்டு. அவர்களில் மருந்து வேதியியல், பார்மசி, பார்மகாலஜி (மருந்து உடலில் செயல்படும் விதம்), பார்மகோக்னசி (இயற்கை மூல மருந்துகள்) ஆகிய ஒவ்வொரு துறைக்கும் ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். ஒவ்வொரு மாநில பார்மசி கவுன்சிலும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். மாநில அரசும் ஒருவரை நியமிக்கும். இந்த இருவரும் பதிவு பெற்ற மருந்தாளுநர்களாக இருக்க வேண்டும். நடப்பு விதிகள் பயன் தருகின்றனவா என்று கவுன்சிலின் நிர்வாகக் குழு அவ்வப்போது கவுன்சிலுக்கு அறிக்கை தர வேண்டும், திருத்தமும் பரிந்துரைக்கலாம். வரைவு தயாரானதும் எல்லா மாநில அரசுகளுக்கும் போகும். 3 மாதத்துக்குள் வரும் கருத்துகளைக் கவுன்சில் பரிசீலித்தே ஆக வேண்டும். பிறகு மத்திய அரசின் ஒப்புதல், அதன்பின் அரசிதழ். ஆசிரியர்களும் மருந்தாளுநர் சங்கங்களும் தங்கள் கருத்தை மாநில அரசு வழியாகச் சேர்க்க உகந்த காலம் அந்த 3 மாதம்தான். அரசிதழில் வந்தபின் எழுதும் மனு அடுத்த திருத்தம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்த திருத்தம் எவ்வளவு தாமதமாகும் என்பதற்கு டி.பார்ம் படிப்பே சான்று. 1991 விதிமுறைக்குப் பதிலாகப் புதியது வந்தது 2020-இல். இடையில் 29 ஆண்டுகள்! பழைய திட்டத்தில் மருந்து தயாரிக்கும் முறைகளைக் கற்பிக்கும் மருந்தாக்கவியலும் மருந்து வேதியியலும் இரண்டு ஆண்டும் தொடர்ந்தன. புதியதில் இரண்டும் முதலாண்டோடு முடிகின்றன. அந்த இடத்தில் மக்கள் நலத்தில் மருந்தாளுநரின் பங்கைச் சொல்லும் சமூக பார்மசியும், நோய்வாரியாக மருந்துச் சிகிச்சையைக் கற்பிக்கும் பார்மகோதெரபியூடிக்ஸும் வந்தன. ‘மருந்துக்கடை மேலாண்மை’ என்ற பாடம் ‘சமுதாய மருந்தகமும் மேலாண்மையும்’ என்று விரிந்தது. கடையில் நின்று நோயாளியிடம் பேசப்போகிறவருக்கு இது சரியான திருத்தம். வெகு முன்பே வந்திருக்க வேண்டும்.

மாறாதது 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி. அதை 3 மாதத்துக்குக் குறையாமல் முடிக்க வேண்டும். அதில் 250 மணி நேரமாவது மருத்துவர் சீட்டைப் பார்த்து மருந்து வழங்குவதில் கழிய வேண்டும் என்று 1991 விதிமுறையே சொன்னது. சிக்கல் வருவது இங்கேதான். தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளும் பழக்கம் மாணவரைத்தான் கெடுக்கிறது. பயிற்சி ஒப்பந்தப் படிவத்தைக் கல்லூரி முதல்வரிடமிருந்து பெற்று, பயிற்சி தொடங்கும்போதே நிரப்புங்கள். பயிற்சி தரும் இடம் விதிமுறைக்குப் பொருந்துமா என்று கல்லூரியில் முன்கூட்டியே கேளுங்கள். பயிற்சி முறையாக முடியாவிட்டால் டிப்ளமோ முழுமை பெறாது; மாநில கவுன்சிலில் பதிவும் கிடைக்காது.

2022-இல் டி.பார்ம் வெளியேறும் தேர்வுக்கும் (டிப்ளமோ முடித்தவர் மருந்தாளுநராகப் பதிவு பெற எழுத வேண்டியது) விதிமுறை வந்தது. 3 தாள்கள், கொள்குறி வினாக்கள். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம் வேண்டும். மூன்றையும் சேர்த்து ஒரே தடவையில் தாண்ட வேண்டும்; தாள் தாளாகத் தேற முடியாது.

பி.பார்ம் 2014 விதிமுறையின்படி 8 செமஸ்டர் நடக்கிறது. பிளஸ் டூவில் கணிதம் படித்து வந்தவர் முதல் செமஸ்டரில் அடிப்படை உயிரியலும், உயிரியல் படித்து வந்தவர் அடிப்படைக் கணிதமும் படிப்பார்கள். கடைசி செமஸ்டரில் விருப்பப் பாடங்கள் உண்டு. மருந்துக் கண்காணிப்பு (பக்கவிளைவுகளைக் கவனிப்பது), மருந்து ஒழுங்குமுறை அறிவியல், அழகுப்பொருள் அறிவியல் எல்லாம் பட்டியலில் இருக்கும். ஆனால் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் எல்லாக் கல்லூரியும் நடத்தும் என்று நம்பிச் சேராதீர்கள்.

சேருமுன் கல்லூரியிடம் பார்மசி சட்டத்தின் பிரிவு 12-இன் கீழ் வந்த ஒப்புதல் கடிதத்தைக் கேளுங்கள். அந்தப் பிரிவில் படிப்புக்கு ஒப்புதல் தனி, தேர்வுக்கு ஒப்புதல் தனி. புதிய கல்லூரிகளில் படிப்பை நடத்த மட்டும் அனுமதி இருக்கலாம். எந்தக் கல்வியாண்டுக்கு, எத்தனை இடத்துக்கு என்று படித்துப் பாருங்கள். மருத்துவமனைப் பயிற்சி மிகுந்த முனைவர் நிலைப் படிப்பான பார்ம்.டி.யில் சேர்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கல்லூரிக்குச் சொந்தமாகவோ ஒப்பந்தத்திலோ 300 படுக்கை மருத்துவமனை இருக்கிறதா, அங்கே வார்டுக்குள் மாணவர்களை விடுகிறார்களா என்று மூத்த மாணவர்களிடம் விசாரியுங்கள்.