இஸ்ப்ரிசனி: பதிவழிந்தோரா, பதிவழிக்கப்பட்டோரா?

ஸ்லோவேனிய நாவலாசிரியர் மிஹா மாட்சினி 2014இல் எழுதிய நாவலின் பெயர் 'இஸ்ப்ரிசனா'. பிரசவத்துக்கு மருத்துவமனை போன பெண்ணிடம், அவள் பெயர் கணினியில் இல்லை என்கிறார்கள். பெயர் இல்லாததால் அவள் அந்நியர் ஆகிவிடுகிறாள். பெற்ற பிள்ளையே அவள் கையில் நிற்குமா என்பது கேள்வியாகிவிடுகிறது. 'இஸ்ப்ரிசனா' ஒருமை, பெண்பால். பன்மைதான் 'இஸ்ப்ரிசனி'. ஸ்லோவேனிய அரசு பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்ட மனிதர்களை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி.

'பிரிசாதி' என்றால் துடைப்பது. குளித்துவிட்டுத் துவட்டும் துண்டுக்கு அந்த மொழியில் 'பிரிசாச்சா', அதே வேர். முன்னால் 'இஸ்' சேர்ந்தால் தடம் தெரியாமல் துடைத்தெடுப்பது. கரும்பலகையில் எழுதியதைத் துடைக்கிறோமே, அப்படி. இந்த வீட்டுச் சொல் மனிதர்களுக்குப் பெயரானதுதான் கொடுமை.

1991 ஜூனில் ஸ்லோவேனியா யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது. யூகோஸ்லாவியாவின் மற்ற குடியரசுகளிலிருந்து வந்து ஸ்லோவேனியாவில் குடியிருந்தவர்கள் குடியுரிமை கேட்க ஆறு மாத அவகாசம். சுமார் 1,70,000 பேருக்குக் கிடைத்தது. விண்ணப்பிக்காதவர்கள், மறுக்கப்பட்டவர்கள் என 25,671 பேரின் பெயர்களை 1992 பிப்ரவரி 26 அன்று நிரந்தரக் குடியிருப்பாளர் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்கூட்டி ஒரு கடிதம்கூட இல்லை. வேறு ஏதோ வேலையாக அலுவலகம் போனவர்களின் அடையாள அட்டையை வாங்கி, எதிரிலேயே துளை போட்டார்கள். பலருக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அப்புறம் வேலை, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நாடற்றோர்' உடனே நாவில் வரும். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்மேல் சுமத்திய நிலையால் நமக்குப் பழகிய சொல் அது. ஆனால் இவர்களில் பலருக்குத் தாளளவில் வேறொரு குடியரசின் குடியுரிமை இருந்தது. பறிபோனது குடியிருந்த ஊரில் வாழும் உரிமை. 'அழிக்கப்பட்டோர்' என்றால் கொன்றுவிட்டதாகத் தோன்றும். 'நீக்கப்பட்டோர்' கட்சியிலிருந்து விலக்கியதுபோல் இருக்கிறது.

'பதிவழிந்தோர்' காதுக்கு நன்றாக இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. அழிவது தானாக நடப்பது, அழிப்பது ஒருவர் செய்வது. ஸ்லோவேனியச் சொல் செயப்பாட்டு வினையிலிருந்து வந்தது. துடைத்த கை ஒன்று அதற்குள் இருக்கிறது. அந்தக் கை அரசுடையது என்பதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012இல் தீர்ப்பாகவே சொன்னது. 2022இல் குடியரசுத் தலைவர் போருட் பாஹோர் மன்னிப்புக் கேட்டார். ஆகவே நீளமானாலும் 'பதிவழிக்கப்பட்டோர்' என்பதே சரி. மாட்சினியின் நாவலைத் தமிழாக்குபவர் தலைப்பைப் 'பதிவழிக்கப்பட்டவள்' என்று வைக்கலாம்.