அந்த நெகடிவை ஏன் உடனே எடுத்துத் தர மாட்டேன் என்கிறார்கள்?

ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணக்காப்பகத்தில் பழைய கலர் நெகடிவ் ஒன்றைக் கேட்டால் சில நேரம் “நாளைக்கு வாருங்கள்” என்று பதில் வரும். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். அது குளிர் அறையிலோ உறைபெட்டியிலோ இருக்கிறது, அப்படியே எடுத்து மேசையில் வைத்தால் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வேர்ப்பது போல அதன் மேலும் ஈரம் படியும். படத்தைப் பிடித்துவைத்திருப்பது ஜெலட்டின், அதாவது விலங்குகளின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்த பசை. தண்ணீர் பட்டால் ஊதிப் பிசுபிசுக்கும், பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் காற்றுப் புகாத பையில் இருந்தபடியே அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் பையைப் பிரிப்பார்கள். பையின் வெளிப்பக்கம் எவ்வளவு வேர்த்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

சரி, எதற்கு இவ்வளவு குளிரில் வைக்க வேண்டும்?

பழைய பொருள் கெட்டுப்போவது என்றாலே நமக்குப் பூச்சி, வெள்ளம், தீ எல்லாம் நினைவுக்கு வரும். அவை வந்தால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் எதுவுமே நடக்காத சாதாரண நாட்களில் நடக்கிற சேதம் பொருளுக்கு உள்ளேயே இருக்கிறது. தாளும் ஃபிலிமும் செய்யப்பட்ட அன்றே அவற்றுக்குள் ஒரு மெதுவான வேதிவினை தொடங்கிவிடுகிறது. அதை நிறுத்த யாராலும் முடியாது, வேகத்தைக் குறைக்கலாம், அதற்கு இருக்கிற மலிவான கருவி வெப்பநிலை. தோராயமாக ஐந்தாறு டிகிரி செல்சியஸ் குறைத்தாலே ஆயுள் இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையில் கைக்கணக்கு.

கலர் படங்களுக்குக் குளிர் அவ்வளவு முக்கியம். அதில் இருப்பது மூன்று சாயங்கள்தான், அவை வெளிச்சமே படாமல் பெட்டியில் கிடந்தாலும் சிதையும், அதிலும் மூன்றும் ஒரே வேகத்தில் சிதைவதில்லை. பழைய பிரிண்டுகள் பலவற்றில் இருட்டில் முதலில் போவது நீலப்பச்சைச் சாயம், அதனால்தான் அந்தக் காலத்துக் குடும்பப் படங்களில் எல்லாரும் செக்கச்செவேல் என்று இருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படம் இந்த விஷயத்தில் கெட்டி. அதில் இருப்பது சாயம் இல்லை, வெள்ளித் துகள். ஆனால் வெள்ளிக்கும் ஒரு வியாதி உண்டு. காற்றில் உள்ள மாசு பட்டு வெள்ளி அயனிகளாக மாறி, ஜெலட்டினுக்குள் ஊர்ந்து மேற்பரப்புக்கு வந்து மறுபடி வெள்ளியாகிவிடும். பழைய படத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஓரங்களில், கறுப்பாக இருக்கிற இடங்களில், நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்பு தெரிகிறதல்லவா, அது இதுதான். மஞ்சளித்துப்போன படங்களுக்குப் பெரும்பாலும் காரணம் வேறு: படம் அழியாமல் நிலைக்கப் பயன்படுத்தும் ஹைப்போ என்ற வேதிப்பொருளைக் கழுவும்போது சரியாக அலசாமல் விட்டிருப்பார்கள், அதில் உள்ள கந்தகம் வருடக்கணக்கில் வெள்ளியைத் தின்று வெள்ளி சல்ஃபைடு ஆக்கியிருக்கும். என்றோ ஒரு இருட்டறையில் யாரோ அவசரப்பட்டதன் பலன்.

ஃபிலிமின் கதை இன்னும் மோசம். 1889-ல் கோடாக் கேமராவைக் கொண்டுவந்த ஈஸ்ட்மன் விற்க ஆரம்பித்த ஒளி ஊடுருவும் ஃபிலிம் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. அது வெடிமருந்தாகப் பயன்பட்ட வெடிபஞ்சின் நெருங்கிய உறவு. தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும். 1950-களின் தொடக்கம் வரை இதைத் தயாரித்தார்கள், அதனால் பழைய நெகடிவ் குவியல் எது வந்தாலும் காப்பாளர் முதலில் தேடுவது இதைத்தான். இதற்குப் பதிலாக வந்த அசிடேட் ஃபிலிமுக்குப் ‘பாதுகாப்பு ஃபிலிம்’ என்றே பெயர். எளிதில் தீப்பற்றாது என்ற அளவில் பாதுகாப்புதான், ஆனால் அது வேறு விதமாகச் சாகும். காற்றின் ஈரம் பட்டு அதிலிருந்து அசிட்டிக் அமிலம் பிரியும், அந்த அமிலமே அடுத்த சிதைவை வேகப்படுத்தும், அது மேலும் அமிலத்தைக் கொடுக்கும். பெட்டியைத் திறந்ததுமே வினிகர் வாடை அடிக்கும். ஃபிலிம் சுருங்கிவிடும், மேலே உள்ள ஜெலட்டினுக்குச் சுருங்கத் தெரியாது, அதனால் படம் வாய்க்கால் வாய்க்காலாக மடிந்துபோகும். 21 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள சாதாரண அறையில் புது அசிடேட் ஃபிலிமுக்கு இந்த வாடை தொடங்கச் சுமார் 40 ஆண்டுகள் ஆகும் என்பது ராச்செஸ்டரில் உள்ள படப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. மூக்கை நம்ப வேண்டாம் என்று அவர்களே ஒரு சோதனைத் தாளும் செய்து தருகிறார்கள், பெட்டிக்குள் போட்டு மூடி வைத்தால் அமிலத்தின் அளவைப் பொறுத்து நீலத்தில் இருந்து பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாறும். மஞ்சளானதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுவார்கள், ஏனென்றால் அந்த ஆவி பக்கத்துப் பெட்டியில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுக்கும்.

புத்தகத்துக்கு வருவோம். இங்கே ஒரு விநோதம் உண்டு. 1450-களில் கூட்டன்பர்க் அச்சிட்ட தாள் இன்றும் வெளுப்பாக, மடித்தால் மடிகிறது. 1900-ல் வந்த நாளிதழை எடுத்தால் கையிலேயே அப்பளமாக நொறுங்குகிறது. முன்னது பழந்துணியை ஊறவைத்து இடித்துச் செய்த தாள், செல்லுலோஸ் இழைகள் நீளமாக இருக்கும். பின்னதற்கு இரண்டு கண்டுபிடிப்புகள் காரணம். மை ஊறாமல் இருக்கத் தாளில் படிகாரமும் மரப்பிசினும் சேர்க்கலாம் என்று 1807-ல் இல்லிக் என்ற ஜெர்மானியர் காட்டினார். 1844 வாக்கில் கெல்லர் என்ற இன்னொரு ஜெர்மானியர் மரத்தையே அரைத்துக் கூழாக்க வழி செய்தார். தாள் மலிவானது, பத்திரிகைகள் பெருகின, கூடவே படிகாரம் தாளுக்குள் அமிலத்தையும் கொண்டுவந்தது. அமிலம் செல்லுலோஸ் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக வெட்டும், வெட்டிய பிறகும் தான் தீர்ந்துபோகாமல் அடுத்த கண்ணிக்குப் போகும். அரைத்த மரக்கூழில் தங்கிவிட்ட லிக்னின், அதாவது மரத்துக்கு உறுதி தரும் பொருள், வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும். பழைய புத்தக வாசனை என்று நாம் ரசித்து முகர்வதும் இதே சிதைவில் வரும் ஆவிகளைத்தான். வெனிலா எசென்ஸில் இருக்கும் அதே வெனிலினும் அதில் உண்டு.

அமிலத்தை முறிக்கக் காரம் போதும், மக்னீசியம் ஆக்சைடு தூளைத் தெளித்தே இன்று செய்கிறார்கள். இதை எட்டுவதற்கு முன் விபரீதமான முயற்சிகளும் நடந்தன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் டைஎத்தில் ஜிங்க் என்ற ஆவியைப் புத்தகங்களுக்குள் செலுத்திப் பார்த்தது. காற்றுப் பட்டாலே தானாகப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருள் அது. 1980-களின் நடுவில் நாசாவின் கோடார்ட் மையத்தில் நடந்த சோதனையில் தீயும் பிடித்தது, வெடிக்கவும் செய்தது. புத்தகத்தைக் காப்பாற்ற நூலகர்கள் செய்த சோதனை ராக்கெட்காரர்களின் கூடத்தில் வெடித்த கதை இது, சொன்னால் யாரும் நம்புவதில்லை.

விண்வெளிக்காரர்கள் உருப்படியாக உதவியதும் உண்டு. 1978-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மேயர் நூலகத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து சுமார் 50,000 புத்தகங்கள் நனைந்தன. நனைந்த தாளில் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும், அதற்குள் அத்தனையையும் விரித்துக் காயவைக்க முடியாது. அதனால் முதலில் உறையவைத்தார்கள், பிறகு விமானமும் விண்கலமும் செய்யும் லாக்ஹீட் நிறுவனத்தின் வெற்றிடக் கூடத்துக்குள் வைத்தார்கள். வெற்றிடத்தில் பனிக்கட்டி தண்ணீராக உருகாமல் நேரே ஆவியாகும், அதனால் மை மறுபடி பரவாது, தாள்களும் ஒட்டாது. ஆனால் எல்லாவற்றுக்கும் இது சரிப்படாது. கொல்லோடியன் என்ற பசைபோன்ற கரைசலைப் பூசிய பழைய கண்ணாடி நெகடிவை உறையவைத்தால் படலம் உரிந்து போய்விடும்.

காப்பாளரை நிஜமாகவே திண்டாடவைப்பது ஆல்பம்தான். கறுப்பு அட்டைத் தாள் அமிலம், ஒட்டிய பசை பூச்சிக்கு விருந்து, மேலே வெள்ளிப் படம், சில பக்கங்களில் முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமென் பிரிண்ட், கீழே மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய மையில் எழுதிய குறிப்பு, அந்த மையோ தாளையே அரித்து ஓட்டை போடும். பிரித்தெடுத்துத் தனித்தனியாக வைத்தால் ஒவ்வொன்றும் நீண்ட நாள் இருக்கும். ஆனால் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் இருந்தது என்பதே பாதித் தகவல், பிரித்தால் அது போய்விடும். அதனால் பக்கங்களுக்கு நடுவே நல்ல தாளைச் செருகி, படுக்கவைத்து, முழுதாகவே குளிரில் வைத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரி. ஸ்கேன் எடுத்து வைக்கலாமே என்பார்கள், எடுக்கிறார்கள்தான், அந்தக் கோப்பும் வட்டில் சத்தமில்லாமல் கெடக்கூடியது என்பதால் அவ்வப்போது அதன் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுப் பழையதோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

புத்தகத்துக்கு நல்லது என்று சுண்ணாம்புக் காரம் சேர்த்துச் செய்த பெட்டிகள் எல்லாப் படத்துக்கும் நல்லதில்லை. 1842-ல் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி கண்டுபிடித்த நீல அச்சு (சயனோடைப்) அப்படி ஒன்று. அடுத்த ஆண்டே ஆனா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கேமரா இல்லாமல், கடற்பாசிகளை நேராகத் தாள் மேல் வைத்து வெயிலில் காட்டி, இந்த முறையில் ஒரு புத்தகத்தை வெளியிடத் தொடங்கினார், எழுத்தும் அதே நீலத்தில். காரம் பட்டால் அந்த நீலம் பழுப்பாகிவிடும், திரும்ப வராது, அதனால் இதற்கு மட்டும் காரம் சேர்க்காத தாளில் உறை போடுகிறார்கள். வெளிச்சத்திலும் வெளுக்கும், ஆனால் அது வேறு மாதிரி. கண்காட்சி முடிந்து வெளிறி வரும் பக்கத்தைக் காற்றோட்டமுள்ள இருட்டில் கொஞ்ச நாள் விட்டுவைத்தால், ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நீலம் பெருமளவு திரும்பி வந்துவிடும்.