வரிசை அல்ல, நிரை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளுக்குப் பைத்தான் கணினிமொழி சொல்லித்தரும் ஒரு வகுப்பின் குறிப்புத்தாளில் இப்படி ஒரு வரி: "வரிசைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு வரிசையாக எடுக்கவும்." தங்கை மகள் தாளை நீட்டி, "மாமா, இதுல எது எந்த வரிசை?" என்று கேட்டாள். இந்தக் குழப்பத்தை எத்தனை தாளில்தான் பார்ப்பது!

கணினியில் தகவலைச் சேர்த்துவைக்கும் தரவுத்தளத்தின் அட்டவணையில் குறுக்காகக் கிடக்கும் 'ரோ'வைத்தான் (row) அந்தத் தாள் வரிசை என்கிறது. அதற்குத் தமிழ் நிரை. ஆநிரையில் இருப்பது அதுதான், யாப்பில் நிரையசை. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் அணியின் (மேட்ரிக்ஸ்) குறுக்குக்கோடு நிரை, நெடுக்குக்கோடு நிரல்.

வரிசை என்றால் முன் பின் உண்டு. அட்டவணைக்கு அது கிடையாது. 1970இல் கணினி அறிஞர் எட்கர் காட் வகுத்த, தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவு மாதிரியின் அடிப்படையே அது: நிரைகளுக்கு இயல்பான ஒழுங்கு இல்லை; 'ஆர்டர் பை' (இன்னதன்படி அடுக்கு) என்று நாம் கேட்டால்தான் ஒழுங்கு வரும். இல்லாத ஒழுங்கைப் பெயரிலேயே ஏற்றிவிட்டு, பிறகு 'வரிசைப்படுத்து' என்றால் பிள்ளை என்ன செய்யும்? நெடுக்காக இருக்கும் 'காலம்' (column) என்பதை நெடுவரிசை என்கிறார்கள். அப்போது அதுவும் ஒரு வரிசைதானே! கடையில் காத்து நிற்கும் 'கியூ'வும் வரிசை. ஒரே சொல்லின் தலையில் எத்தனை சுமை! நிரைக்கும் ஒழுங்கு என்ற பொருள் அகராதியில் உண்டு என்பார்கள். உண்டுதான். ஆனால் 'நிரைகளை வரிசைப்படுத்து' என்று சொல்லிப் பாருங்கள், யாரும் தடுமாற மாட்டார்கள்.

நம் ரப்பர் தோட்டத்தில் நிரை என்ற சொல் சாகவும் இல்லை. கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பார். பாட்டி விடியலில் தன் நிரையில் மரம் மரமாகப் பால் வடியப் பட்டை வெட்டிக்கொண்டே போவார். பைத்தானில் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தின் விடைகளை எடுத்துத்தரும் கர்சரில், 'ஃபெட்ச்ஒன்' (ஒன்றை எடு) என்ற கட்டளை செய்வதும் ஏறக்குறைய அதுதான்: ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு நிரை, தீர்ந்தால் 'நன்' (None), அதாவது ஒன்றுமில்லை. ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆகவேண்டும். பாட்டி பால் எடுக்க வாளியோடு அதே வழியில் மறுபடி நடப்பார். கர்சர் பின்னால் திரும்பாது. தரவுத்தளத்திடம் கேட்ட கேள்வியை, அதாவது வினவலை, மீண்டும் ஓட்டவேண்டும்.

தோட்டத்துப் பேச்சு என்பதாலேயே அதை ஒதுக்கிவிட்டு, அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் மேல்தான் எனக்குக் கோபம். நிரையை எடுத்துக்கொண்ட ஒரு சிலரும் 'நிறை' என்று தட்டச்சு செய்கிறார்கள். அது எடை. நிரைக்கு இடையின ரகரம்.