மூன்று துளைகளை நம்பாதே, மருமகனே

டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டிலிருந்து உள்ளே தள்ளி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சுடுதளத்தில் ஒருவர் 308 ரகத் தோட்டா போடும் தம் பழைய ரைஃபிளை விற்பனைக்கு வைத்திருந்தார். துப்பாக்கியோடு ஒரு தாளையும் நீட்டினார். நெகிழி உறை போட்டுப் பத்திரப்படுத்திய இலக்குத் தாள். 100 மீட்டரில் சுட்ட மூன்று துளைகள் அதில் இருந்தன. ஐந்து ராண்ட் நாணயத்தை மேலே வைத்தால் மூன்றும் மறைந்துவிடும். என் அக்காள் மகனுக்கு வயது 24. தாளைப் பார்த்த பிறகு அவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"மாமா, இந்த விலைக்கு இப்படிச் சுடுகிறது. வாங்கிவிடலாமா?"

"மீதி ஏழு துளை எங்கே என்று கேள்" என்றேன்.

விற்பவர் நல்ல மனிதர். கோபித்துக்கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்து, மருமகனைப் பத்துத் தோட்டாக்கள் சுடவிட்டார். உரிமம் இல்லாதவரும் உரிமையாளரின் நேரடிக் கண்காணிப்பில் சுடலாம் என்று தென்னாப்பிரிக்கச் சட்டம் இடம் தருகிறது. அவன் துப்பாக்கியை மணல் மூட்டைமேல் கிடத்தி நிதானமாகத்தான் சுட்டான். தாளைக் கொண்டுவந்ததும் வெர்னியர் காலிப்பரை வைத்தேன். ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளுக்கு இடையே, மையத்துக்கு மையம் 39 மி.மீ. உறை போட்ட தாளில் அது 17.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. துப்பாக்கியை இரும்புப் பிடியில் இறுகப் பூட்டிச் சுட்டாலும் குண்டுகள் ஒரே துளை வழியே போவதில்லை. ஒரு மையத்தைச் சுற்றிச் சிதறுகின்றன. மையத்தின் அருகே நெருக்கமாக, வெளியே போகப் போக அரிதாக. மூன்றே முறை சுட்டால், ஓரத்துக்குப் போகக்கூடிய அந்த அரிதான குண்டு வராமலே போய்விடலாம். பத்து முறை சுட்டால் அது தப்பிப்பது கடினம். இந்தச் சிதறலை இயல்நிலைப் பரவல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒரே துப்பாக்கியில் பத்துக் குண்டுக் கொத்தின் அகலம் மூன்று குண்டுக் கொத்தைப்போல் சராசரியாக ஏறத்தாழ 1.6 மடங்கு வரும். அதாவது மூன்று குண்டுக்குச் சராசரி 24 மி.மீ. கொடுக்கும் துப்பாக்கி, பத்துக் குண்டுக்கு 38 மி.மீ. கொடுக்கும். இரண்டும் ஒரே துப்பாக்கிதான். 24 சராசரி என்றால் சில நாள் 35 வரும், சில நாள் 17 வரும். 17 வந்த நாளின் தாளுக்குத்தான் உறை போடுவார்கள். கல்யாணத் தரகர் எடுத்துவரும் புகைப்படம் மாதிரி. பொய்யில்லை, ஆனால் எடுத்ததில் நல்லது அது.

ஆகவே இரண்டு துப்பாக்கிகளை ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து, முடிந்தால் இருபது சுட வேண்டும். மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளை மட்டும் அளப்பதைவிட, எல்லாத் துளைகளின் நடுமையத்திலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுப்பது மேல். அப்போது சுட்ட ஒரு தோட்டாவும் வீணாகாது.

கோணக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கலை. 100 மீட்டர் தூரத்தில் ஒரு கலை என்பது 29 மி.மீ. அகலம். இன்று விலை மலிவான போல்ட் ரைஃபிள்கள்கூட "ஒரு கலைக்குள் சுடும்" என்ற உறுதியோடு வருகின்றன. எத்தனை குண்டுகளுக்கு அந்த உறுதி என்று பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் பாருங்கள். பெரும்பாலும் மூன்று.

மலிவான துப்பாக்கி இவ்வளவு நன்றாகச் சுடுவது எப்படி என்பதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. முப்பது வருடம் சர்க்கரை ஆலைப் பட்டறையில் லேத் ஓட்டியவன் நான். குறி தப்பாமை என்பது அழகான பொருளால் வருவதில்லை; ஒவ்வொரு முறையும் எல்லாம் அதே இடத்தில், அதே இறுக்கத்தில் வந்து உட்காருவதால் வருவது. போல்ட் என்பது நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளேதான். முன்னே தள்ளி, கைப்பிடியைக் கீழே திருப்பினால், அதன் முனையில் உள்ள இரண்டு கொண்டிகள் எஃகுக்குள் பூட்டிக்கொள்ளும். தோட்டா வெடிக்கும்போது 308 ரகத்தில் அழுத்தம் ஏறத்தாழ 4,000 பார் வரை ஏறும். காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் நாலாயிரம் மடங்கு. குண்டு வெளியேறும்வரை இந்தத் தாழ்ப்பாளில் எதுவும் நகர்வதில்லை. தானியங்கித் துப்பாக்கியில் அந்தக் கணத்தில் வாயுவும் பாகங்களும் ஓட ஆரம்பித்துவிடுகின்றன.

இந்த முன்கொண்டி அமைப்பு டர்பன் இருக்கும் நம் நேட்டாலுக்குப் புதிதல்ல. 1899-இல் பிரிட்டனோடு மூண்ட போரில், டச்சு வழிக் குடியேறிகளான போயர்கள் தோளில் மாட்டியிருந்த 7 மி.மீ. மௌசரும் இதே தாழ்ப்பாள்தான். கொலென்சோவிலும் ஸ்பியன் கொப்பிலும் அந்த மௌசர்கள் சாய்த்தவர்களைத் தூளியில் தூக்கிச் சுமந்தது காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை. சுமார் 1,100 பேர். பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். நம் முப்பாட்டன்கள் துப்பாக்கியின் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார்கள்.

தாழ்ப்பாள் மாறவில்லை, அதைச் செய்யும் விதம் மாறிவிட்டது. முன்பு காய்ச்சி அடித்த எஃகுக் கட்டியைப் பல எந்திரங்களில் செதுக்கி, போல்ட் ஓடும் கூட்டைச் செய்தார்கள். இப்போது பல நிறுவனங்கள் உருண்டைக் கம்பியை லேத்தில் கடைந்தே முடித்துவிடுகின்றன. உருளை வடிவத்தைத் துல்லியமாகக் கடைவதைவிட லேத்துக்கு எளிய வேலை எதுவுமில்லை. குழலையும் உள்ளே ஒரு கடினமான அச்சைச் செருகி, வெளியிலிருந்து சுத்தியல்களால் அடித்தே செய்கிறார்கள். குண்டைச் சுழலவைக்கும் சுழல் வரிகள் அந்த அச்சிலிருந்து அப்படியே பதிந்துவிடுகின்றன. குழலுக்கும் போல்டுக்கும் இடையே இருக்க வேண்டிய நுண்ணிய இடைவெளியை, திறமையான கைவினைஞர் அராவிச் சரிசெய்யும் வேலையை, சேவேஜ் நிறுவனம் ஒரு பெரிய மரையாணி வளையத்தை வைத்துத் திருகியே முடித்துக்காட்டியது. விலை குறைந்தது இதனால்தான். மலிவு ரகத்தில் மிச்சம் பிடிப்பது குழலைத் தாங்கும் கட்டையிலும் மேற்பூச்சிலும் போல்ட் ஓடும் வழவழப்பிலும். குழலில் அவ்வளவாக இல்லை. ஹோவா, டிக்கா, சேவேஜ் மூன்றையும் நான் சுட்டுப் பார்த்திருக்கிறேன். நல்ல தோட்டா கொடுத்தால் தாளைப் பார்த்து எது எதுவென்று என்னால் சொல்ல முடியாது.

குழலைப் பற்றி ஒன்று. வெடித்த கணத்தில் அது தட்டிய மணிபோல் அதிர்கிறது. ஏறத்தாழ ஒன்றேகால் மில்லி விநாடியில் குண்டு வாயை அடைகிறது. அப்போது குழல்வாய் மேல்நோக்கி வளைந்திருக்கலாம், கீழ்நோக்கியும் இருக்கலாம். எல்லா முறையும் ஒரே வளைவில் இருந்தால் கவலையில்லை. தடித்த குழல் குறைவாக வளையும். விறைப்பு, விட்டத்தின் நான்காம் மடியில் ஏறுகிறது. விட்டத்தை 20 சதவீதம் கூட்டினால் விறைப்பு இரண்டு மடங்கு. நீளத்தின் மும்மடிக்கு எதிராக இறங்குகிறது. 26 அங்குலக் குழலை 20 அங்குலமாக வெட்டினால் மறுபடி இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பு. குட்டைக் குழல் குறி தவறும் என்று தாத்தா காலத்திலிருந்து சொல்லிவருகிறார்கள். குட்டைக் குழலில் குறைவது குண்டின் வேகம்.

இந்த அதிர்வைக் கெடுக்கும் எதிரி துப்பாக்கியின் சொந்தக் கட்டைதான். நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் ரைஃபிள் அழகான வாதுமை மரக்கட்டை போட்டது. ஜூலையில் அருமையாகச் சுட்டது. பிப்ரவரியில், டர்பனின் புழுக்கம் சுவரையே வியர்க்க வைக்கும் மாதத்தில், குண்டுகள் வலப்பக்கம் நகர ஆரம்பித்தன. குழல் சூடாகச் சூடாக இன்னும் நகர்ந்தன. கடைக்காரர் தொலைநோக்கி கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்றை என் தலையில் கட்டினார். அதுவும் வலப்பக்கமே சுட்டது. சுடுதளத்தில் பக்கத்து மேசை அண்ணன் ஒருவர் எதுவும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து பத்து ராண்ட் நோட்டை எடுத்தார். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி, இரண்டு முனையையும் பிடித்துப் பின்னோக்கி இழுத்தார். நோட்டு ஒரு சாண் போய், இடப்பக்கம் மாட்டிக்கொண்டு நின்றது. ஈரத்தில் ஊதிய மரம் குழலைத் தள்ளிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து, தடித்த மரக்குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி அந்த இடத்தைத் தேய்த்தேன். அரை மணி நேர வேலை. வாங்கிய தொலைநோக்கியின் காசில் ஒரு மூட்டை நிறையத் தோட்டா வாங்கியிருக்கலாம்.

வாங்கப் போகும் துப்பாக்கியில் இந்த நோட்டுச் சோதனையைக் கடையிலேயே செய்துவிடுங்கள். நெகிழிக் கட்டை ஈரத்தில் ஊதாது, ஆனால் மலிவு ரகத்தில் அது தொளதொளவென்று இருக்கும். நோட்டைச் செருகிவிட்டு, மணல் மூட்டைமேல் சாய்ப்பதுபோல முன்பகுதியை அழுத்திப் பாருங்கள். குழலைத் தொட்டால் வேறு கட்டை பாருங்கள். பிறகு, சுடும்போது விரலால் இழுக்கும் விசை. மூன்றரைக் கிலோ துப்பாக்கியை இரண்டரைக் கிலோ விசையால் இழுத்தால் துப்பாக்கி அசையாமல் என்ன செய்யும்? ஒரு கிலோவை ஒட்டி, இழுபறி இல்லாமல் உடையும் விசையே போதும். கட்டையைப் பிடித்திருக்கும் மரையாணிகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் அளவுச் சாவியால் ஒரே இறுக்கத்தில் முடுக்கி வையுங்கள். நம்ப முடியாத எத்தனையோ நோய்களுக்கு மருந்து அதுதான்.

சுழல் வரிகள் எவ்வளவு வேகமாகச் சுற்றுகின்றன என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற குழலில், விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு விநாடிக்கு 3,150 முறை சுழல்கிறது. பம்பரம் போல அதுதான் அதை நிமிர்த்தி வைக்கிறது. குண்டு நீளமாக நீளமாகச் சுழற்சியும் வேகமாக வேண்டும். கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதர் 1879-இல் இதற்கு எளிய சூத்திரம் கொடுத்தார். 223 ரகத்தில் 12 அங்குலச் சுற்று கொண்ட பழைய குழலில் நீண்ட கனமான இலக்குக் குண்டைப் போட்டால் அது தாளில் பக்கவாட்டாக, சாவித்துவாரம் போல விழும். 8 அங்குலச் சுற்றில் அதே குண்டு நேராகப் போகும்.

மருமகனுக்கு நான் சொன்னது இதுவெல்லாம் தாண்டி, 22 ரகத்தில் ஆரம்பி என்பது. 1887-இலிருந்து இருக்கும் சிறிய தோட்டா. 308-க்கு ஒரு தோட்டா வாங்கும் காசில் இதில் ஒரு கைப்பிடி கிடைக்கும். "அது விளையாட்டுச் சாமான் மாமா" என்றான். 50 மீட்டர் ஒலிம்பிக் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. என்றேன். அந்தத் தூரத்தில் அது முக்கால் கலைகூட இல்லை. அதில் தோட்டாவின் பங்கு எவ்வளவு பாருங்கள். ஒரு குண்டு விநாடிக்கு 325 மீட்டர், அடுத்தது 315 மீட்டர் என்று புறப்பட்டால், காற்றுத் தடையை விட்டுவிட்டுப் போட்ட கணக்கிலேயே இரண்டாவது குண்டு 7 மி.மீ.க்கு மேல் தாழ்ந்து விழும். வளையமே 10.4 தான். துப்பாக்கி என்ன செய்ய முடியும்? நான்கைந்து வகைத் தோட்டா வாங்கி, ஒவ்வொன்றிலும் இருபது சுட்டு, உங்கள் குழல் எதை விரும்புகிறதோ அதில் ஒரே தொகுதி எண்ணில் பெட்டி பெட்டியாக வாங்குங்கள். இரண்டு குழல்களுக்கு ஒரே ருசி இருப்பதில்லை.

பெரிய ரகம் வேண்டும் என்ற நாள் வரும்போது 308-ஐ மறுபடி பார்க்கலாம். 6.5 கிரீட்மோர் என்ற இன்னொரு தோட்டா ரகமும் உண்டு; அதன் குண்டு காற்றில் குறைவாக ஒதுங்கும், உதையும் குறைவு. புளூம்ஃபொண்டைனில், தூர இலக்குச் சுடும் பிஸ்லி போட்டிகள் நடக்கும் ஜெனரல் டி வெட் தளத்துக்குப் போனால் இன்னொரு பாடம் காத்திருக்கிறது. அவ்வூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் மேலே. அங்கே காற்றின் அடர்த்தி டர்பனைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. 100 மீட்டரில் வித்தியாசமே தெரியாது. தூர இலக்கில், கடற்கரையில் வைத்த குறியோடு போனால் குண்டு தாளின் தலைக்கு மேல் போகும்.

அந்த 308-ஐ அவன் வாங்கவில்லை. நல்ல துப்பாக்கிதான், பத்துக் குண்டுக்கு 39 மி.மீ. என்பது அந்த விலைக்குக் குறைசொல்ல முடியாத அளவு. கடையில் செக் நாட்டு சீ.இசட். 22 ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறான். 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், பயிற்சி முடித்துத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், சுவரில் பொருத்திய பெட்டகம் வேண்டும், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் காவல்துறையிடம் தனி உரிமம் வேண்டும். அதுவரை துப்பாக்கி கடைக்காரரின் பெட்டகத்தில்தான் இருக்கும். உரிமம் இல்லாமல் தோட்டாவும் விற்க மாட்டார்கள். சனிக்கிழமை தோறும் கடைக்குப் போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருகிறான். இப்போதைக்கு அவன் கையில் இருப்பது ஒரு வெர்னியர் காலிப்பரும், நான் கொடுத்த பத்து ராண்ட் நோட்டும்.