ஹோஜிச்சாவில் கஃபீன் கிடையாதா?

சில மாதங்களுக்கு முன் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர் உணவு ஆலோசனைக்கு வந்தார். கணவரின் வேலைக்காக இரண்டு வருடம் ஒசாகாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். காபியை அறவே விட்டாச்சு என்றார், பெருமையாக.

"அப்ப என்னம்மா குடிக்கிறீங்க?"

"ஹோஜிச்சா மேடம். அதுலதான் கஃபீனே கிடையாதே! அங்க சின்னப் பிள்ளைங்களுக்கே குடுக்கறாங்க."

ஹோஜிச்சா என்பது பச்சைத் தேயிலையை வறுத்துப் போடும் ஜப்பானிய டீ. ஒரு நாளைக்கு ஐந்து மக் குடிக்கிறாராம். ஒரு மக் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டேன். 300 மில்லி.

ஜப்பான் அரசின் உணவுச் சத்து அட்டவணையில் 100 மில்லி ஹோஜிச்சாவுக்கு 20 மில்லிகிராம் கஃபீன் என்று போட்டிருக்கிறது. வறுக்காத பச்சைத் தேநீரான சென்ச்சாவுக்கும் அதே 20தான், காபிக்கு 60. ஐந்து மக்குக்குக் கணக்குப் போட்டால் 300 மில்லிகிராம். கர்ப்பகாலத்தில் 200ஐத் தாண்ட வேண்டாம் என்பதுதான் நான் சொல்லும் வரம்பு. அவர் முகம் வாடிவிட்டது. டீயை விட வேண்டாம், மக்கை மாற்றுங்கள் என்றேன்.

ஏமாறுவது இயல்புதான். பழுப்பு நிறம், இதமான வாசனை, நாக்கில் கசப்பே இல்லை. சாதுவான பானம் என்றுதான் தோன்றும். கசப்பு போனதற்குக் காரணம் வேறு. இலையை 200 டிகிரி அளவில் வறுக்கும்போது கசப்பும் துவர்ப்பும் தருகிற கேட்டச்சின்கள் குறைகின்றன. இலையிலுள்ள அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து பைரசின் என்ற மணப்பொருள்களாகின்றன. வேர்க்கடலை வறுக்கும்போது தெருமுனை வரை வருகிறதே, அந்த வாசனையிலும் இவை உண்டு. கஃபீனும் கொஞ்சம் ஆவியாகும், முழுக்கப் போகாது. மிச்சம் எவ்வளவு என்பது வறுத்தது எந்த இலை என்பதைப் பொறுத்தது. முற்றிய இலையிலும் காம்பிலும் குறைவு, கொழுந்தில் அதிகம். குழந்தைகளுக்குக் கொடுப்பது பெரும்பாலும் முற்றிய இலை, அதுவும் நீர்க்க.

இந்த இலை வித்தியாசம்தான் ருசியிலும் தெரியும். 1920களில் கியோட்டோ வியாபாரிகள் விலைபோகாத இலையையும் காம்பையும் வறுத்து விற்றதில் தொடங்கியது இது என்பார்கள். அங்கே சாதாரண ஹோஜிச்சாவில் பொட்டுக்கடலை வாசமும் முடிவில் லேசாகக் கருப்பட்டி இனிப்பும் இருக்கும். கனாசவா நகரத்தின் காகா போச்சா என்ற வகை முதல் பறிப்பின் காம்பை மட்டும் இளவறுப்பாக வறுத்தது. நிறம் தேன் மாதிரி, வாசனை பூ மாதிரி. 1983இல் ஜப்பானின் ஷோவா பேரரசர் ஹிரோஹிட்டோவுக்கு இதைத்தான் கொடுத்தார்கள். கியோபான்ச்சா என்று இன்னொரு வகை உண்டு. சுருட்டாத பெரிய இலைகள், பொட்டலத்தைப் பிரித்தால் சருகு கூட்டி எரித்த புகை நாற்றம்! முதல் தடவை நான் கெட்டுப்போன சரக்கு என்றே நினைத்தேன். மூன்றாவது கோப்பையில் பிடித்துப்போனது. எண்ணெய்ப் பலகாரத்துக்கு அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

போடும் முறை சுலபம். 240 மில்லிக்கு 5 கிராம் இலை, தளதளவென்று கொதித்த தண்ணீர், முப்பது விநாடி. சென்ச்சாவுக்குத் தண்ணீரை ஆறவிடுவார்கள். இங்கே அந்தக் கவலை இல்லை, சூடு இருந்தால்தான் மணம் எழும்பும். கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள். நம் டீ மாதிரி அடுப்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் கரித்தண்ணீர்தான் கிடைக்கும். பாலோடு வேண்டுமென்றால் பொடி வாங்கலாம். ஆனால் பொடியில் இலையே முழுசாக உள்ளே போகிறது, கஃபீனும் சேர்ந்தே போகும். 'லாட்டே' என்றால் மென்மை என்று நினைத்து இரவு பத்து மணிக்குக் குடித்துவிட்டு, தூக்கம் வரவில்லை என்று என்னிடம் வருபவர்கள் உண்டு.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். டீயிலுள்ள டேனின் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். வறுத்தாலும் டேனின் டேனின்தான்.

இலை பழசாகி வாசனை போய்விட்டால் எறிய வேண்டாம். எண்ணெய் படாத வாணலியில் சிறுதீயில் புரட்டுங்கள். புகை லேசாகக் கிளம்பும்போதே இறக்கித் தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிவிடும்.

அந்தப் பெண் இப்போது 120 மில்லி பிடிக்கும் கைப்பிடியில்லாத கோப்பைக்கு மாறிவிட்டார், காலையும் மாலையும். மூன்றாவது வேண்டுமென்று தோன்றினால் அதே இலையில் இன்னொரு முறை வெந்நீர் ஊற்றிக்கொள்கிறாராம். "ருசி கம்மிதான் மேடம். வாசனை இருக்கு, போதும்."