இரண்டாவது டிஎன்எஸ் சேவையகத்தை எங்கே வைப்பது?

மார்கழி மழையில் மின்சாரம் போன ஓர் இரவில், மட்டக்களப்பு நகரத்து அலுவலகம் ஒன்றின் இணையத்தளமும் மின்னஞ்சலும் சேர்ந்தே காணாமற் போயின. தளம் இருந்த கணினியோ கொழும்பில் எந்தக் குறையுமின்றி இயங்கிக்கொண்டிருந்தது. தளத்தின் பெயரைக் கேட்டதும் அதற்குரிய ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் அந்தக் கணினியைக் குறிக்கும் எண்ணை, சொல்ல வேண்டிய டிஎன்எஸ் சேவையகங்கள் இரண்டும் புளியந்தீவில் ஒரே அறையில், ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தன. அதன் பற்றரி தீர்ந்ததும் இரண்டும் ஒன்றாக அணைந்தன. அந்த முகவரியை முன்பே கேட்டறிந்து சேமித்து வைத்திருந்த வலையமைப்புகளில் மட்டும் தளம் சில மணிநேரம் திறந்தபடியால், கோளாறு எங்கே என்று பிடிபடவும் நேரமெடுத்தது.

முதன்மைச் சேவையகம் விழுந்த பின்னரே இரண்டாவது எழும்பும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. வெளியிலிருந்து கேட்பவருக்கு இரண்டும் சமமானவை. ஒன்று பதில் தராவிட்டால் மற்றதிடம் கேட்கப்படும். பெயருக்குரிய முகவரி முதலிய பதிவுகளை முதன்மையில் மட்டும் திருத்துகிறோம், இரண்டாவது அவற்றைப் பிரதியெடுக்கிறது என்பதே வேறுபாடு.

பிரதியெடுப்பதா இல்லையா என்பதை எஸ்ஓஏ எனப்படும் தலைப்புப் பதிவிலுள்ள வரிசை எண் தீர்மானிக்கிறது. வழக்கத்தில் அதனைத் திகதியாக, 2025112701 என்பதுபோல் எழுதுவார்கள். கடைசி இரண்டு இலக்கங்கள் அன்றைய எத்தனையாவது திருத்தம் என்பதைக் குறிக்கும். இரண்டாவது சேவையகம் குறித்த இடைவெளியில், அல்லது முதன்மை அறிவித்தவுடன், இந்த எண்ணைப் பார்க்கும்; தன்னிடமுள்ளதைவிடப் புதியதாயின் மட்டும் மாற்றங்களை இழுத்துக்கொள்ளும். முகவரியைத் திருத்திவிட்டு எண்ணைக் கூட்ட மறந்தால், கேட்பவரில் ஒரு பகுதியினர் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருப்பார்கள். 2025 என்பதை 2052 என்று தட்டிவிட்டுப் பின்னர் சரிசெய்தால் இன்னும் சங்கடம்: தன்னிடமிருப்பதே புதியது என்று இரண்டாவது பிடிவாதமாக இருந்துவிடும்.

முதன்மையில் தவறுதலாக அழித்த பதிவு இரண்டாவதிலும் விரைவில் அழிந்துவிடும் என்பதால், பதிவுகள் எல்லாம் அடங்கிய வலயக் கோப்புக்குத் தனிப் பிரதி ஒன்று வேறாக வேண்டும்.

அதே எஸ்ஓஏயில் காலாவதி நேரமும் உண்டு. முதன்மையை அவ்வளவு காலம் தொடர்புகொள்ள முடியாவிட்டால் இரண்டாவதும் பதில் சொல்வதை நிறுத்திவிடும். 1996இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1912 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதற்கு 2 முதல் 4 வாரம் வரை பரிந்துரைக்கிறது. வெள்ளம் வந்தால் பாதை மூடும் ஊரில் ஒரு நாள் என்று வைப்பது விஷப்பரீட்சை.

இடத்தைப் பொறுத்தவரை, 1997இன் ஆர்எஃப்சி 2182 சேவையகங்களைப் புவியியல் ரீதியாகவும் வலையமைப்பு ரீதியாகவும் பிரித்து வைக்கச் சொல்கிறது. கல்முனையில் ஓர் அறை கிடைத்தாலும் அது அதே கரையோரந்தான். 1978 நவம்பர் 23இல் இக்கரையைத் தாக்கிய சூறாவளியை நினைவில் வைத்திருப்போருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொழும்பிலோ வெளிநாட்டிலோ, வேறொரு இணையச் சேவை வழங்குநரின் இணைப்பில் வைப்பதே உசிதம்.

வைத்த பின்னர், அலுவலகம் மூடியிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதன்மையின் வலையமைப்பு வயரைக் கழற்றிவிட்டு, வெளி இணைப்பொன்றிலிருந்து டிஎன்எஸ் சேவையகத்திடம் கேள்வி கேட்கும் டிக் (dig) கட்டளையால் இரண்டாவதிடமே நேராகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.